அண்ணாச்சி எந்தப் பக்கம் மடிப்பாவ

இலை விழுந்துட்டு. நுனி எடது கைப் பக்கம், சரியாத்தான் போட்டிருக்கான், கொம்பையா மனசுக்குள்ள ஒரு மார்க் போட்டான், போட்டுட்டு ஒடனே அழிச்சான், இன்னைக்கு மார்க் போட வரலை, அந்த வேலைய வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கு, போனைக்கூட எடுத்துட்டு வரலை, வந்த காரியம் ஒண்ணே ஒண்ணு, திங்கணும், தின்னு முடிச்சு இலையத் தன் பக்கமா மடிக்கணும், அம்புட்டுதான், அடுப்படிப் பக்கம் திரும்பியே பாக்கக் கூடாது. ஆனா கண்ண என்ன கயிறு போட்டா கட்ட முடியும், அது பாட்டுக்கு அந்த நீலத்துணி தொங்குத வாசலுக்கு ஓடி ஓடிப் போயிட்டு வருது. துணிக்கு அந்தப் பக்கம் வடிவு நிக்கா. சண்முகவடிவு, பொண்டாட்டி. இல்ல, பொண்டாட்டியா இருந்தவ. அதுவும் இல்ல, தாலி அவ கழுத்துலதான் கெடக்கு, ரேசன் கார்டுல பேரு கெடக்கு, ஆளுதான் வீட்டுல இல்ல. கரண்டி சத்தம் கேக்குது. அது அவ கரண்டியான்னு தெரியல, கலியாணம் ஆன நாள்லேருந்து கேட்ட சத்தம், இப்ப ஊர்ப்பய சத்தத்தோட கலந்து போச்சு. தண்ணி தெளிச்சு இலையத் தொடச்சான். முதுகுக்குப் பின்னால ஒருத்தன் நிக்கான். இலையே இப்பத்தான் விழுந்திருக்கு, அதுக்குள்ள நாற்காலி முதுக ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான், இவன் செத்தா வாரிசு வேலைக்கு வந்தவன் மாதிரி, மூச்சு பிடரியில அடிக்கி. மெஸ்ஸுன்னா அப்படித்தான், ஒருத்தன் திங்க ஒருத்தன் காவல். அந்தக் காவல்காரன் பக்கத்துல நிக்கவன்கிட்ட மெல்லச் சொல்லுதான், மெல்லன்னு அவன் நெனச்சுக்கிட்டான், "ஏல, இது கொம்பையா அண்ணாச்சில்லா? பொண்டாட்டி கடைக்கே வந்துட்டாவ. எந்தப் பக்கம் மடிப்பாவன்னு பாப்போம்." பாருங்கல, நல்லாப் பாருங்க, டிக்கட்டு இல்ல.

எந்தப் பக்கம் மடிப்பாவ. பாளையங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவுல சோறு விக்கவன் எவனக் கேட்டாலும் இந்தக் கேள்வி தெரியும். கொம்பையா படிச்சது ஆறாங்கிளாசு, அதுலயும் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து பாதி நாள் ஆத்துல கெடந்தவன், பொறவு லோடு ஆட்டோவுல சோடா கலரு போட்டு போட்டு ஒவ்வொரு ஓட்டல் பின்வாசலும் அத்துப்படி, வாய் மட்டும் நிக்காது, அந்த வாய ஒரு நாள் மக உலகம்மை போன்ல படம் பிடிச்சு நெட்டுல ஏத்திவிட்டா, அந்தச் சேனலுக்குக் 'கை நனைப்போம்'னு பேரு வச்சா, ஊரு பிச்சுக்கிட்டுப் பாத்துச்சு. மத்தவனெல்லாம் நட்சத்திரம் போடுவான், பத்துக்கு எட்டும்பான். கொம்பையாவுக்கு அந்தச் சோலியே இல்ல. தின்னு முடிச்சு இலையத் தன் பக்கமா மடிச்சான்னா, ஒறவு நீடிக்கட்டும், மறுக்கா வருவேன்னு அர்த்தம். அந்தப் பக்கமாத் தள்ளி மடிச்சான்னா, சாவு வீட்டுச் சாப்பாடு, இனிமே இந்த வாசல் மிதிக்க மாட்டேன்னு அர்த்தம். விசேச வீட்டுல சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச சங்கதி, அத எடுத்து ஓட்டல்ல விட்டான், மொதலாளிமாரு ஈரக்கையத் துண்டுல தொடச்சுக்கிட்டு இலைக்கு எதிர்ல வந்து நிப்பானுவ, பரிட்சை பேப்பரு திருத்துத எடத்துல பையன் நிக்க மாதிரி. ஒருத்தன் காலையே பிடிச்சுட்டான், அண்ணாச்சி இந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு. சிரிப்பு. எல்லாம் சிரிப்புத்தான். பாவக்காய இலையில வச்சா ஒத்த விரலால இலைக்கு வெளிய தள்ளுவான், "சவம், தூரப் போ"ம்பான், அதுக்கு ஒரு கூட்டம் கைதட்டும். அது மட்டும் நடிப்பு இல்ல. பாவக்கா வாசம் வந்தாலே அவனுக்கு வாந்தி, வடிவுக்கு அது உசுரு, பாவம், இவன் வெளியூரு போற நாளாப் பாத்துத்தான் அவ வாங்கி வச்சுத் திம்பா, ஒளிச்சு சிகரெட்டுக் குடிக்க மாதிரி. அது இப்ப எதுக்கு ஞாவகம் வருது. தன் பக்கமா மடிக்கணும். அதான் காரியம்.

பரிமாறுதவன் செந்தட்டி, அம்பது வயசு இருக்கும், வாளியத் தூக்கிக்கிட்டு ஓட்டமும் நடையுமா வந்து, "அண்ணாச்சி, வாங்க வாங்க"ன்னான், நிமிந்து மூஞ்சியப் பாக்கல, தெரியும்போல. கூட்டு வச்சான், அப்பளம் வச்சான், கருப்பாச் சுருண்டு ஒரு தொவட்டலு வச்சான், எண்ணெயில வதக்கி, வெல்லம் மினுங்க மொறுமொறுன்னு, கத்திரிக்காயா இருக்கும். ஒரு வா போட்டான். ஒண்ணுமில்ல. எப்பவும்போல ஒண்ணுமில்ல. நாக்குல ஏதோ ஒண்ணு மொறுங்குது, காகிதத்தக் கிழிச்சுப் போட்டாலும் இப்படித்தான் மொறுங்கும். இது யாருக்கும் தெரியாது, கடவுளுக்கும் டாக்டருக்கும் தெரியும், டாக்டரு மறந்திருப்பாரு. காய்ச்சல் ஒண்ணு வந்து போச்சு ரெண்டு வருசம் முன்ன, போகும்போது நாக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டு. எரிப்பு தெரியும், சூடு தெரியும், கொழகொழன்னா தெரியும், ருசியும் கெடையாது, வாசமும் கெடையாது. ருசி பாத்துச் சொல்லுதவன் வாயில ருசி இல்ல, கண்ணு தெரியாதவன் டிராபிக் போலீசா நின்ன கத. பொறவு எப்படி ஓடுதுன்னா, பக்கத்து இலையப் பாப்பான். பக்கத்து இலைக்காரன் என்னத்த ரெண்டாவது கேக்கானோ அதான் நல்லாருக்கு. என்னத்த ஓரத்துல ஒதுக்குதானோ அது வெளங்கல. இப்பக்கூட வலது பக்கத்துல வெள்ளச்சட்டைக்காரரு ஒருத்தரு, அந்தக் கருப்புத் தொவட்டல நக்கி முடிச்சு, "செந்தட்டி, இதுல இன்னொரு கரண்டி"ங்காரு. ஒடனே கொம்பையாவும், "எனக்கும்வே, அதுல வையும்"னான். செந்தட்டி கரண்டியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிசம் நின்னான். "அண்ணாச்சிக்கா?" "ஏன்வே, எனக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டமா?" அவன் சிரிச்சுக்கிட்டே வச்சுட்டுப் போறான். என்ன சிரிப்பு. பல்லுக்கு நடுவுல கட்டியா ஒரு வெத மாட்டுச்சு, எடுத்து இலை ஓரத்துல வச்சான், இன்னொண்ணு, அதையும் வச்சான். கத்திரிக்காயில எங்க இம்புட்டுப் பெரிய வெதன்னு ஒரு நெனப்பு தல நீட்டுச்சு, அதுக்குள்ள அந்த நீலத்துணி ஆடுச்சு, நெனப்பு விழுந்து போச்சு. காத்துத்தான். அவ இல்ல.

பக்கத்து இலை பாதி, மீதிய மக கிட்டேருந்து களவாண்டான். உலகம்மை மதுரையில எம்.ஏ. தமிழ் படிக்கா, கதைப் பொஸ்தகத்துல சோறு வார எடத்தையெல்லாம் ஆராய்ச்சி பண்ணுதா, அரசாங்கம் இதுக்கும் பட்டம் குடுக்குது. போன் போட்டா அப்பா சாப்ட்டியான்னு கேக்க மாட்டா, கத சொல்லுவா. ஒரு கதையில ஒருத்தன் தன் கலியாணப் பந்தியில பாதி இலையில எந்திரிச்சுப் போயிருதான், கத முடியுத வரைக்கும் ஏன்னு எவனுக்கும் தெரியல, பொண்டாட்டி சாகுத வரைக்கும் ஏன்னு கேக்கா. "எனக்குத் தெரியும்ளா, ரசத்துல உப்பு கூடியிருக்கும்"னான் கொம்பையா. அவ விழுந்து விழுந்து சிரிச்சா. "அப்பா, அது குறியீடுப்பா. அவன் சோத்த விட்டு எந்திரிக்கல, அவ கிட்டேருந்து எந்திரிக்கான்." "அப்ப பாயாசம்? அது யாரு, மாமியாரா?" அப்படியே பேசிப் பேசி, ஒரு நாளு சொன்னா, "கதையில ஒருத்தன் என்ன சொல்லுதாங்கறத நம்பக் கூடாதுப்பா, வாய் பொய் சொல்லும். என்னத்த மிச்சம் வச்சுட்டுப் போறான்னு பாக்கணும், அங்கதான் ஆளு இருப்பான்." நல்லாருக்கேன்னு அத ஒரு பிரியாணிக் கடையில எடுத்து விட்டான். ஊரு சொக்கிப்போச்சு. பொறவு என்ன, இந்த ரசம் மேலுக்குச் சிரிக்கு உள்ளுக்குள்ள அழுவுது, இந்தச் சட்னிக்கு முன்கதை இருக்கு, இந்தப் புரோட்டா தனிமையில வெந்திருக்கு, அடிச்சு விட்டான். ஒரு கடையில சாம்பாரு ஊசிப்போயிருந்துருக்கு, இவனுக்கு எங்க தெரியும், "இந்தப் புளிப்பு ஒரு கலகம் பண்ணுது"ன்னு சொல்லித் தன் பக்கமா மடிச்சுட்டு வந்துட்டான், மறுநாளு அந்தக் கடையில தின்னவன் பாதிப்பேரு கக்கூஸ்ல, மாட்டினோம்னு போனத் தொறந்தா, அண்ணாச்சி என்ன நக்கலு, கலகம்னு வயித்துக் கலகத்தத்தான சொன்னீங்கன்னு எல்லாவனும் புல்லரிச்சுக் கெடக்கான். ஒருத்தனாவது, ஏ கொம்பையா ஒனக்கு நாக்கு செத்துப்போச்சாலேன்னு கேட்டிருந்தா, அந்த எடத்துலயே அழுதிருப்பான். ஒருத்தனும் கேக்கல. முட்டாப்பயன்னு ஒருத்தரும் நெனைக்க மாட்டுக்கானுவளே, அதுக்கு மேல ஒரு தண்டன உண்டா.

சோறு வந்துட்டு. மீன் கொழம்பு வந்துட்டு. சீலா மீனு, மாங்கா போட்டது, மஞ்சளும் செவப்புமா எண்ணெ மேல மெதக்கு. கொம்பையா கை சோத்துக்கு மேல நின்னுட்டு. இந்தக் கொழம்புதான். இந்த நெறம்தான். அன்னைக்கு ஞாயித்துக்கெழம, காய்ச்சல் விட்டுப் பத்தியம் முடிஞ்சு மொத மீனு, "இன்னைக்கு நம்ம வீட்டுலயே எடுப்போம், பொண்டாட்டி சமையலுக்கு மார்க்குப் போடுதேன்னா ஊரே பாக்கும்"னான், அவளும் குளிச்சு, அந்தப் பச்சைச் சேலையக் கட்டி, இலை போட்டுப் பரிமாறி, மக ஊர்ல இல்லாததால போனையும் அவளே பிடிச்சா. ரெண்டு கையாலயும் பிடிச்சா, ஆடிரக் கூடாதுன்னு. மொத வா வச்சான். மண்ணு. சுடுதண்ணியில மண்ணக் கரைச்ச மாதிரி. அவனுக்கு அப்பத் தெரியாது, சத்தியமா அப்பத் தெரியாது, காய்ச்சல் வாய்க்குக் கஞ்சியும் ரொட்டியும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிருந்தான், மீனும் அப்படி இருந்ததும் கைப்பக்குவம் போச்சுன்னு நெனச்சான். நெனச்சா நெனச்சுட்டுப் போயேன், வாயி எதுக்கு. "இது கொழம்பு இல்ல மக்கா, மீனு குளிச்ச தண்ணி"ன்னான். போனுக்குப் பின்னால அவ சிரிச்சா, எப்பவும் சிரிப்பா, அந்த வீட்டுல சிரிக்கது அவ சோலி. "இவ சமையலத் தின்னுட்டும் உசுரோட இருக்கேன்னா, எமனுக்கே எம்மேல பரிதாபம்"னான். அதுக்கும் சிரிச்சா, சத்தம் கொஞ்சம் கம்மி. பொறவு, எதுக்கு அப்படிச் செஞ்சான், இன்னைக்கு வரைக்கும் வெளங்கல, காட்சி நல்லா முடியணும்னு ஒரு திமிரு, இலையோட கிட்டத்து ஓரத்தப் பிடிச்சு, அந்தப் பக்கமாத் தள்ளி மடிச்சான். சொந்த வீட்டுல. பொண்டாட்டி உசுரோட எதிர்ல நிக்கையில. சாவு வீட்டு மடிப்பு. போன் ஆடல. அதத்தான் அவன் மறுபடி மறுபடி பாத்திருக்கான், அந்தப் படத்துல கடேசி வரைக்கும் போன் ஒரு சொட்டு ஆடல. முழுசா மடிக்க விட்டு, எடுத்து முடிச்சு, போனத் தரையில வச்சுட்டு, இலைய எடுத்துக் கொண்டு போயிப் போட்டு, கையக் கழுவி, பையத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. சண்ட இல்ல, சத்தம் இல்ல. கோவம் தணிஞ்சா வருவான்னு இவன் என்ன செஞ்சான், அந்தப் படத்த ஏத்திவிட்டான். ஊரே பாத்துச்சு. ஊரே சிரிச்சுச்சு.

பொறவு ஒரு காலம்பற மைதானத்துல, நடக்க வாரவங்களுக்குப் பாவக்காச் சாறு விக்கவன் ஒருத்தன், அண்ணாச்சி ஒங்க எதிரி வந்திருக்குன்னு வேடிக்கைக்கு ஒரு டம்ளர நீட்டினான், கொம்பையாவும் வேடிக்கைக்கு வாங்கி வாயில ஊத்தினான், ஊத்திட்டு ஓங்கரிக்கத் தயாரா நின்னான். வரலை. பச்சத்தண்ணி. டம்ளர்ல மீதிய மெதுவா, மெதுவாக் குடிச்சான். அங்கனயே குத்தவச்சு உக்காந்துட்டான். அப்பக் கொழம்பு நல்லாத்தான் இருந்துருக்கு. கொழம்பு நல்லாத்தான் இருந்துருக்கு. இத ஓடிப்போயி அவகிட்டச் சொல்லியிருக்கலாம், ஆட்டோவுல போனா கூப்பிடுத தூரம். சொன்னா நாக்கு செத்த சேதி ஊருக்குத் தெரியும், தெரிஞ்சா கொம்பையா யாரு, பழைய சோடாக்காரன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்கு நாளைக்குன்னு, அவ மெஸ்ஸு தொறந்துட்டா, வடிவு மெஸ் மீன் கொழம்புன்னா சனம் கோயில் வரிசை மாதிரி நிக்கி, இனிமே போய்ச் சொன்னா பேரெடுத்தவகிட்ட ஒட்ட வந்தான்னு ஆவும். அதான் யோசிச்சு யோசிச்சு இந்த முடிவுக்கு வந்தான். பேச வேண்டாம். வாய் வேண்டாம், வாய்தான் எல்லா நாசமும். தள்ளி மடிச்ச கையால கிட்ட மடிச்சுக் காட்டுவோம், துணிக்கு அந்தப் பக்கத்துலேருந்து பாக்காமயா போவா, புரிஞ்சுக்கிடுவா, மன்னிப்புன்னு ஒரு சொல்லு சொல்லாண்டாம், நாக்கு விசயமும் வெளிய வராண்டாம். அவ இலைய எடுக்க வருவா. அன்னைக்கு எடுத்த மாதிரியே எடுப்பா, ஆனா வேற மாதிரி. அம்புட்டையும் நெனச்சுக்கிட்டே திங்கான், கொழம்பு சூடு, மீனு பஞ்சு, முள்ளு தொண்டையில குத்தாம எடுத்து வைக்கான், ரசம் போச்சு, மோரு போச்சு. பின்னால நிக்கவன் தொண்டையக் கனைக்கான். ஏல, பொறுல, மனுசன் வாழ்க்கையத் தின்னுக்கிட்டு இருக்கான்.

வெள்ளச்சட்டைக்காரரு முடிச்சுட்டு எந்திரிச்சாரு. இலைய மடிக்கல. விரியப் போட்டுட்டுக் கை கழுவப் போறாரு. பாத்தா எதிர்ல எந்திரிச்சவனும் மடிக்கல. படிச்ச பயலுவளுக்கு இலை மடிக்கக்கூடத் தெரியல, ஊரு கெட்டுப்போச்சுன்னு கொம்பையா நெனச்சான். செந்தட்டி வந்து அந்தத் திறந்த இலைய ரெண்டு கையாலயும் ஏந்தி, பொறந்த புள்ளையத் தூக்குத மாதிரி, நீலத்துணிக்குள்ள கொண்டுபோனான். குப்பத்தொட்டி வெளியதான இருக்கு, இவன் எதுக்கு உள்ள போறான். என்னமோ. கொம்பையா வலது கைய இலைமேலேருந்து எடுத்தான். எடது கைய நீட்டி இலையோட அந்தப் பக்கத்து ஓரத்தப் பிடிச்சான். பந்தியில நாலஞ்சு பேரு திங்கத நிறுத்திட்டானுவ. பின்னால நிக்கவன் மூச்சையே நிறுத்திட்டான். கிட்ட, தன் பக்கமா, மெதுவா.

"மடிக்காண்டாம் அண்ணாச்சி."

செந்தட்டி. கைய இலைமேல வச்சுட்டான்.

"யாருவே சொன்னது?"

"போர்டுல போட்டிருக்கே. ஒங்களுக்குப் பின்னால."

கொம்பையா திரும்பிப் பாத்தான். காவல்காரன் தலைக்கு மேல செவத்துல, பெருசா, செவப்புப் பெயிண்டுல. இங்கு இலையை மடிக்க வேண்டாம்.

"அக்கா ஒவ்வொரு இலையையும் பாப்பாவ அண்ணாச்சி. எவன் என்னத்த மிச்சம் வச்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் மறுநாளு சமையலே. யாரும் மடிக்கக் கூடாது. நீங்கன்னாலும்."

துணி வெலகுச்சு. இவ்வளவு நேரம் பாக்கக் கூடாதுன்னு பாத்த வாசல்ல வடிவு வந்து நின்னா, முந்தானைய இடுப்புல சொருகி, நெத்தியில வேர்வை, தலையில நரை கூடியிருக்கு. இவனப் பாக்கல. நேரா இலைக்கு வந்தா. இலையத்தான் பாத்தா, உலகம்மை பொஸ்தகத்தப் பாக்க மாதிரி, குனிஞ்சு, வரி வரியா. முள்ளு, கறிவேப்பில. ஓரத்துல அந்த வெதைங்க. ஒத்த விரலால ஒண்ணத் தொட்டு உருட்டினா.

"பாவக்கா தின்னீங்களா?"

"எது?"

"மறுக்கா கேட்டு வாங்கினீங்கன்னு செந்தட்டியண்ணன் சொன்னாவ. ஆளு மாறிச் சொல்லுதாவன்னு நெனச்சேன்."

கொம்பையா வாயில ஒரு பகடி வந்துச்சு, நீ வச்சா வெசங்கூடன்னு ஆரம்பிக்கும், நல்ல பகடிதான், பாதியில நின்னுட்டு. அவ இப்ப நிமிந்து பாத்தா. மூஞ்சியில கோவம் இல்ல. கோவம் இருந்தா பிடிச்சுக்கிட்டு ஏறியிருப்பான்.

"எப்பருந்து?"

அவன் குனிஞ்சு இலை ஓரத்து வெதையப் பாத்தான்.

"அன்னைக்குமா?"

தலை தன்னால ஆடுச்சு. ஆமான்னு.

வடிவு இன்னும் கிட்ட வந்து குனிஞ்சா. பொறவு மெதுவா, அவனுக்கு மட்டும் கேக்க மாதிரி சொன்னா, "நான் அந்தக் கொழம்ப ரெண்டு வருசமா மாத்தி மாத்தி வச்சுப் பாக்கேன். புளியக் கொறச்சு, தேங்காயக் கூட்டி, மாங்காய மாத்தி. ஊரே நல்லாருக்குங்கு, எனக்கு மட்டும் ஒரு வா எறங்க மாட்டுக்கு. என்ன கொறன்னு தேடித் தேடி..." முடிக்கல. "ஒரு கொறையும் இல்லையா அப்ப?"

"இல்ல வடிவு."

"அத ஒங்களால எப்படிச் சொல்ல முடியும்?"

இலைய அவளே எடுத்தா. மடிக்கல, அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. திறந்தபடியே ரெண்டு கையாலயும் எடுத்தா. கை ஆடுச்சு. முள்ளும் வெதையும் உருண்டுச்சு.

"எந்திரிங்க. பின்னால ஆளு நிக்காவ."

துணி விழுந்துட்டு. கொம்பையா எந்திரிச்சான், முழுசா எந்திரிக்கும் முன்ன காவல்காரன் உள்ள சரிஞ்சு உக்காந்துட்டான், செந்தட்டி அவனுக்கு இலை போட்டுத் தண்ணி தெளிச்சான், நுனி எடது கைப் பக்கம். கொம்பையா காஞ்சுபோன எச்சிக்கையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அங்கனயே நின்னான், கை கழுவுத எடம் எந்தப் பக்கம்னு தெரியல. உக்காந்தவன் நிமிந்து பாத்து ஆசையாக் கேட்டான், "அண்ணாச்சி, மடிக்க விடலைன்னா என்ன, வாயால சொல்லிருங்க. கொழம்பு எப்படி?"

"எனக்குத் தெரியாது தம்பி"ன்னான் கொம்பையா. "எனக்கு ருசியே தெரியாது."

அவன் இலையில அடிச்சுச் சிரிச்சான். "பாத்தியால, அண்ணாச்சிக்கு நக்கலு!"ன்னான், பந்தி பூராவும் சிரிச்சுச்சு.